வாய்ப்பாடு சொல்ல மூச்சு மிச்சம் இருக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 61. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, குலசேகரத்தில் வசிக்கிறேன். இரத்த அழுத்தத்துக்கு ஆறு ஆண்டுகளாக மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் நடக்கச் சொல்லி மருத்துவர் வற்புறுத்துகிறார்; எனக்கோ பத்து நிமிடத்திலேயே சலித்துவிடுகிறது. பாட்டுக் கேட்டபடி நடந்தால் களைப்புத் தெரியாது என்று பேரன் இயர்போனும், நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரமும் வாங்கித் தந்திருக்கிறான். எவ்வளவு வேகமாக நடந்தாலும் கடிகாரத்தில் துடிப்பு 90-ஐத் தாண்டுவதில்லை. 432 ஹெர்ட்ஸ் இசை இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் அதிரும் மேடை ஒன்றைக் காட்டி, அதன்மேல் பத்து நிமிடம் நின்றால் ஒரு மணி நேரம் நடந்ததற்குச் சமம் என்றார்கள், முன்பணமும் கொடுத்துவிட்டேன். ஆனால் கோயில் கொடையின்போது ஒலிபெருக்கி அதிர்ந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. ஒலியும் அதிர்வும் உடம்புக்கு நல்லவையா, கெட்டவையா?

நாகர்கோவிலைச் சேர்ந்த இயன்முறை மருத்துவரின் பதில்:

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்கான விடையில் பாதி, ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் ஊர்ப் பக்கமாகவே ஓடிப் போகிறது. மகாசிவராத்திரியை ஒட்டி முன்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று பன்னிரண்டு சிவாலயங்களையும் தொட்டுத் திருநட்டாலத்தில் முடிக்கும் சிவாலய ஓட்டத்தைத்தான் சொல்கிறேன். கையில் விசிறியோடு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தைக் கடக்கும் அந்தக் கூட்டத்தில் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் கடையில் நிற்பவர்கள், ரப்பர் பால்வடிப்புத் தொழிலாளர்கள், அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழாதவர்கள். “கோவிந்தா, கோபாலா” என்று முன்னால் போகிறவர் சொல்லப் பின்னால் வருகிறவர் ஏற்றுச் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். அதில் உள்ள பக்தியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. என் தொழிலின் கண்கொண்டு பார்த்தால், அந்த இரண்டு சொற்களும் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கின்றன: காலடிக்கு ஒரு தாளம் கொடுக்கின்றன, சொல்லும்போது மூச்சை நீட்டி வெளியே விட வைக்கின்றன, சொல்ல முடியாமல் திணறினால், வேகம் மிஞ்சிவிட்டது என்று காட்டிக் கொடுக்கின்றன. கடற்கரையில் கரமடி வலை இழுப்பவர்கள் ‘ஏலேலோ’ போடுவதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். இருபது பேருடைய இழுப்பு ஒரே கணத்தில் கயிற்றில் விழ வேண்டும் என்றால், வாய் முந்திக்கொண்டு சொன்னால்தான் கை கேட்கும்.

ஆகவே, இசை நடைக்கு உதவுமா என்றால், உதவும். எப்படி உதவுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எங்கே உதவாது என்பதும் உங்களுக்குத் தானாகவே விளங்கிவிடும்.

இலண்டனில் உள்ள புரூனல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்டாஸ் கராகியோர்கிஸ் என்ற ஆய்வாளர் பல்லாண்டுகளாக இதையே ஆராய்ந்து வந்தவர். அவரும் இத்துறையில் உள்ள பிறரும் கண்டதன் சாரம் இதுதான்: மிதமான வேகத்தில் நடக்கும்போதோ சைக்கிள் மிதிக்கும்போதோ ஒலிக்கும் பாட்டு, ‘உழைக்கிறோம்’ என்ற உணர்வை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைக்கிறது. உணர்வைத்தான் குறைக்கிறது என்பதைக் கவனியுங்கள். தசைகள் செய்யும் வேலை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. காலின் வலி, மூச்சின் இரைப்பு, மனத்தின் சலிப்பு ஆகிய மூன்றும் மூளையின் கவனத்துக்காகப் போட்டியிடுகின்றன; பாட்டு அந்த வரிசையில் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. ஆனால் மேல்மூச்சு வாங்கும் அளவுக்கு வேகம் கூடினால் உடம்பின் கூக்குரல் பாட்டை அமுக்கிவிடும். அதன் பிறகு இசை களைப்பை மறைக்காது. அந்த நிலையிலும் தாளத்தால் பயன் உண்டு. எத்தியோப்பிய ஓட்டவீரர் ஹைலே கெப்ரசெலாசி, 1998-ல் பர்மிங்காம் உள்ளரங்கில் 2000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை செய்தபோது, தம் காலடி வேகத்துக்குப் பொருந்தும் ஒரு பாட்டை அரங்கில் ஒலிக்கச் செய்து ஓடினார். அவருக்கு அந்தப் பாட்டு களைப்பை மறைக்கும் திரையாக அல்ல, வேகம் தவறாமல் காக்கும் தாளக்கட்டாகவே பயன்பட்டது.

மூளையில் காது வழியாக வரும் தாளத்தைக் கணிக்கும் பகுதிகளும், கால் கைகளை அசைக்கும் பகுதிகளும் நெருங்கிய தொடர்புடையவை. அதனால்தான் கொட்டுச் சத்தம் கேட்டால் உட்கார்ந்திருப்பவரின் கால்விரல்கூட ஆடுகிறது. இந்தத் தொடர்பைப் பயன்படுத்தி, பக்கவாதம் வந்தவர்களையும் பார்க்கின்சன் நோயாளிகளையும் தாளத்துக்கு நடக்கப் பழக்கும் முறையை அமெரிக்காவில் மைக்கேல் தாட் என்பவர் 1990-களில் வளர்த்தெடுத்தார். என் சிகிச்சை அறையிலும் மெட்ரோனோம் என்னும் தாளக்கருவி உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு பிழையையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: வேகமான தாளம் எல்லோருக்கும் ஊக்கம் தரும் என்று நம்பி, நிமிடத்துக்கு 130 தட்டு வரும் பாட்டுகளையே எல்லோருக்கும் போட்டேன். வயதான பெண்கள் இருவர் அதற்கு ஈடுகொடுக்க அரை ஓட்டமாக நடந்து, ஒரே வாரத்தில் முழங்கால் வலியோடு வந்தார்கள். கால்தான் தாளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

நீங்கள் எந்தத் தாளத்தில் தொடங்கலாம்? நிமிடத்துக்குச் சுமார் 100 அடி என்பது பெரியவர்களுக்கு மிதமான உடற்பயிற்சியின் தொடக்கம் என்று நடை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பள்ளி விளையாட்டு விழாவின் அணிவகுப்புக்கு முரசு அடித்த வேகம் உங்கள் காதில் இன்னும் இருக்கும். அது ஏறத்தாழ 120. அதைவிடச் சற்று நிதானமானது உங்களுக்கு உரியது. பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டு, 15 நொடியில் எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணுங்கள். 25 வந்தால் அது நிமிடத்துக்கு 100. பழைய திரைப்பாட்டா, கீர்த்தனையா, குடமும் உடுக்கையும் துள்ளும் வில்லுப்பாட்டா என்பது உங்கள் விருப்பம். விருப்பம் என்பதை ஒப்புக்குச் சொல்லவில்லை. தமக்குப் பிடித்த பாட்டைக் கேட்பவர்கள், யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்த பாட்டைக் கேட்பவர்களைவிட அதிக நேரம் பயிற்சியில் நிற்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். பேரனுடைய பாட்டுப் பட்டியல் உங்களுக்கு வேண்டாம்.

குலசேகரத்தில் சமதளத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஏற்றத்தில் தாளத்தை விடாமல், அடியின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்திலும் அப்படியே செய்தால் முழங்கால் உங்களுக்கு நன்றி சொல்லும். இப்போது நடக்கும் பத்து நிமிடத்தையே காலையும் மாலையுமாக இரு வேளை நடந்து, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடங்களைக் கூட்டிச் செல்லுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. அதை முதல் வாரத்திலேயே எட்ட வேண்டியதில்லை.

இனி உங்கள் கைக்கடிகாரம். அது பழுதாகவில்லை, டீச்சர். மெட்டோப்ரோலால், அட்ரினலின் இதயத்தை விரட்டுவதைத் தடுக்கும் மருந்து. அதைச் சாப்பிடுபவர்களின் நாடித்துடிப்பு, உழைப்புக்கு ஏற்ற அளவு ஏறாது. 220-லிருந்து வயதைக் கழித்துக் கணக்கிடும் ‘இலக்குத் துடிப்பு’ உங்களுக்குப் பொருந்தாது. 90-ஐத் தாண்டவில்லையே என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால்தான் ஆபத்து. அதற்குப் பதிலாக உங்களிடமே ஒரு கருவி இருக்கிறது. நடந்துகொண்டே ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு என்று இரண்டு வரியை ஒரே மூச்சில் சொல்ல முடிந்து, அடுத்த வரிக்கு முன் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் வேகம் சரியாக இருக்கிறது. ஒரு பாட்டையே சிரமமில்லாமல் பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். ‘மூவேழ்’ என்று தொடங்கி ‘இருபத்தொன்று’ வருவதற்குள் மூச்சு அறுந்தால், நின்றுவிடாமல் வேகத்தைக் குறையுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது உடற்பயிற்சி நூல்களில் உள்ள பழைய விதி. சிவாலய ஓட்டக்காரர்கள் அதை ஏட்டில் படிக்காமலே கடைப்பிடிக்கிறார்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ, தலைசுற்றலோ வந்தால் மட்டும் உடனே நின்று மருத்துவரைப் பாருங்கள். அந்த நேரத்தில் வாய்ப்பாடு வேண்டாம்.

இயர்போனைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் கண்டிப்பானவன். கல் ஏற்றிய லாரிகள் வளைவுகளில் விரையும் நம் பகுதிச் சாலைகளில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு யாரும் நடக்கக் கூடாது. செல்பேசியைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்து, அதன் சொந்த ஒலிபெருக்கியில் மெதுவாகப் பாட விடுங்கள். தோட்டத்துப் பாதையிலோ பள்ளி மைதானத்திலோ என்றால் ஒரு காதில் மட்டும் மாட்டலாம். பக்கத்தில் நடப்பவர் சாதாரணக் குரலில் பேசுவது கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம் என்று பொருள்.

நடந்து முடித்ததும் பாட்டை நிறுத்திவிடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வேகமான இசை கேட்பவர்களின் மூச்சையும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றியது; இடையில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோதோ, அவை இசை தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிடவும் தணிந்தன. ஓய்வைக் கொடுத்தது பாட்டுக்குப் பின் வந்த அமைதி. அதே பெர்னார்டி 2001-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நம் மாவட்டத்துக்கு மிகவும் பொருந்துவது. இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தும், பௌத்த மந்திரம் ஒன்றைச் சொல்ல வைத்தும் 23 பேரைச் சோதித்ததில், இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாகக் குறைத்தன. இரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் நரம்பு அனிச்சையும் கூர்மையடைந்தது. கடற்கரைச் சிற்றூர்களில் மாலை நேரத்தில் ஜெபமாலை சொல்லும் பாட்டிகளும், விளக்கேற்றி நாமம் சொல்லும் உங்கள் தெருப் பாட்டிகளும் உடலியல் நோக்கில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். நடந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து, உங்கள் வழக்கப்படி எதையாவது நிதானமாக, ஒரு மூச்சுக்குப் பத்து நொடி ஆகும்படி, ஐந்து நிமிடம் சொல்லுங்கள். அதனால் மாத்திரையை நிறுத்தலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

432 ஹெர்ட்ஸ் செய்திக்கு வருகிறேன். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. மேற்கத்திய வாத்தியங்களைச் சுருதி சேர்க்க 440 என்ற எண்ணை 1939-ல் இலண்டனில் கூடிய மாநாடு பரிந்துரைத்தது. பின்னர் அது உலகத் தர அளவாகவும் ஆனது. எல்லோருடைய வாத்தியமும் ஒத்துப் போக ஏதாவது ஓர் எண் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அதை எட்டு குறைத்து 432 ஆக்கினால் மருந்தாகிவிடும் என்பதற்கு ஆதாரமில்லை. நம் கச்சேரி மரபு இந்தப் பேச்சுக்கே இடம் தராது: ஒருவர் ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறார், இன்னொருவர் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறார், தொண்டை எதை ஏற்கிறதோ அதுவே ஆதார சுருதி. ஓர் எண்ணில்தான் நலம் இருக்கிறது என்றால், பாடகருக்குப் பாடகர் நம் இரத்த அழுத்தம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அமைதியான பாட்டு மனத்தைத் தணிக்கும் என்பது உண்மை. அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளின் பதற்றத்தை இசை குறைப்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. அந்தப் பலன் எண்ணிலிருந்து வருவதில்லை.

‘ஒலியதிர்வு உடம்பின் அணுக்களுக்குள் புகுந்து குணப்படுத்துகிறது’ என்ற வாசகமும் அந்தச் செய்திகளில் தவறாமல் இருக்கும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூணைத் தட்டினால் அது தன் நீளத்துக்கும் பருமனுக்கும் ஏற்ற சுரத்தில் ஒலிக்கிறது; கல் இறுக்கமானது, அதிர்வைத் தாங்கி நிற்கும். நம் உடம்போ நீரும் கொழுப்பும் தசையும் சேர்ந்த மென்மையான பொருள். காற்றில் வரும் ஒலி தோலில் மோதியதும் மிகப் பெரும் பகுதி திரும்பிவிடுகிறது. ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் குளிர்ந்த கூழைத் தடவுவதே இதனால்தான். கருவிக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு நூல் காற்று இருந்தால்கூட ஒலி உள்ளே போகாது. ஒலியை உண்மையிலேயே உள்ளே செலுத்தி மருந்தாக்க முடியும். சிறுநீரகக் கல்லை அறுவை இல்லாமல் அதிர்வலையால் உடைக்கும் சிகிச்சை 1980-ல் மியூனிக் நகரில் தொடங்கியது. அதற்கு அலையை நீர் வழியாகச் செலுத்தி, ஒரே புள்ளியில் குவிக்கும் எந்திரம் தேவைப்பட்டது. செல்பேசியில் கேட்கும் பாட்டுக்கு அந்த வலிமை கிடையாது.

ஓர் அதிர்வை மட்டும் உள்ளிருந்தே உண்டாக்கலாம். வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று நீட்டி முனகும்போது மூக்கில் கையை வைத்துப் பாருங்கள், அதிரும். அப்படி முனகும்போது மூக்கையொட்டிய குழிவறைகளில் காற்றோட்டம் கூடி, அங்கு உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு என்ற, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் வாயு சாதாரண மூச்சில் வருவதைவிட ஏறத்தாழ 15 மடங்கு வெளிவருவதாக 2002-ல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து கண்டார்கள். மூக்கடைப்பு உள்ளவர்களுக்குக் காசில்லாத பயிற்சி; இரத்த அழுத்தத்துக்கு மருந்தென்று சொல்ல மாட்டேன்.

அதிரும் மேடையைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது எனக்குப் பழகிய வாசகம். அதன்மேல் நின்றால் நொடிக்குப் பெரும்பாலும் 25 முதல் 50 முறை வரை உடம்பு குலுங்கும். தசைகள் அனிச்சையாகச் சுருங்கி அதைச் சமாளிக்கும். எழுந்து நடமாட முடியாத முதியவர்களின் கால்வலுவைக் கொஞ்சம் கூட்டுவதற்கு அது உதவுவதாகச் சில ஆய்வுகள் உண்டு. எலும்பு வலுப்படுவதைப் பற்றிய முடிவுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவில்லை. ஆனால் இதயமும் நுரையீரலும் நடையில் செய்யும் வேலையை அதில் செய்வதில்லை. ஒரு மணி நேர நடைக்குச் சமம் என்பது வியாபாரப் பேச்சு. அதிர்வே மருந்து என்றால், பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து குலசேகரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் தினமும் போய் வருகிறவர்கள் நம் மாவட்டத்திலேயே மிக ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்க வேண்டும். பேருந்தும் டிராக்டரும் ஓட்டுபவர்களுக்கு முதுகுவலி கூடுவதும், பாறை துளைக்கும் எந்திரத்தைப் பல ஆண்டுகள் பிடித்தவர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப் போவதும் நெடுநாள் அதிர்வின் மறுபக்கம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்தவர்கள், விழித்திரையில் கோளாறு உள்ளவர்கள், அண்மையில் கண்ணிலோ மூட்டிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் அதில் ஏறவே கூடாது. நடக்கக் கால் இருக்கும் உங்களுக்கு அது தேவையில்லை.

கொடை நாளின் படபடப்பை மட்டும் நீங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய ஒலிபெருக்கியின் தாழ்ந்த ஒலி, உள்ளே காற்று நிறைந்த மார்புக்கூட்டை அதிரச் செய்கிறது. நெஞ்சுக்குள் யாரோ தட்டுவது போன்ற உணர்வு அதனால் வருவது, அதுவே இதயத்துடிப்பு அல்ல. ஆனால் பேரொலியை மூளை அபாயமாகவே எடுத்துக்கொள்கிறது. இரத்த அழுத்தம் ஏறுவதும் படபடப்பு வருவதும் அந்த எச்சரிக்கையின் விளைவு. காதின் கணக்கும் தனியாக உண்டு: 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது, 100 டெசிபலில் 15 நிமிடமே எல்லை. உட்செவியில் இறந்த உணர்செல்கள் மறுபடி முளைப்பதில்லை. திறந்த வெளியில் ஒலிபெருக்கியிலிருந்து இரு மடங்கு தூரம் தள்ளிப் போனால் சுமார் 6 டெசிபல் குறையும். ஆகவே வில்லுப்பாட்டை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டாம், பின்னால் மரத்தடியில் உட்கார்ந்தாலும் கதை விளங்கும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் உள்ளது. திருவிழாவுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம். இதை விழாக் குழுவினரிடம் எடுத்துச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? அவர்களில் பாதிப் பேர் உங்களிடம் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள். சத்தமே இல்லாத நேரத்திலும் படபடப்பு வந்தால், தாமதிக்காமல் ஓர் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

முன்பணத்துக்கு ரசீது வைத்திருந்தால் இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்கள். பணத்தைத் தர மறுத்து, வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னால், குதிகால் அகலமாகவும் அடிப்பாகம் வழுக்காமலும் இருக்கும் நடைக்காலணி அங்கே கிடைக்கிறதா என்று பாருங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.